துளி ரேங்க் ஜெசிந்தா

போன வியாழக்கிழமை அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போயிருந்தேன். செக்கிங் டேபிளைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோர் மணிக்கட்டிலும் ரிப்பன் கட்டியிருந்தது. பாதிப் பேருக்கு வெள்ளை, சிலருக்குப் பச்சை, இரண்டு பேருக்கு நீலம். ஒரே ஒரு பெண்ணுக்குக் கறுப்பு... அவருக்கு மட்டும் உட்கார நாற்காலி.

உங்களுக்குத்தான் தெரியுமே — நான் வாரத்தில் ஒரு நாள் பத்தி எழுதுகிறவள், மற்ற நாளெல்லாம் ஒரு பையிங் ஆபீஸின் க்யூசி, அதாவது வெளிநாட்டுக்குப் போகும் சரக்கின் தரம் பார்க்கிறவள். பல வருடமாக இந்த ஊர் யூனிட்டுகளுக்குள் போய் வருகிறேன். செக்கிங்கில் நாற்காலியைப் பார்த்ததே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டேதான் பீஸ் பார்ப்பார்கள்.

"என்ன, கோயில் கயிறா?" என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா. ரேங்க்குங்க" என்றாள் வர்ஷினி.

வர்ஷினி, ஓனர் சென்னியப்பனின் மகள். கோயமுத்தூரில் எம்பிஏ முடித்துவிட்டு ஆறு மாதமாகக் கம்பெனிக்கு வருகிறாள். கெட்டிக்காரி. எக்ஸெல் ஷீட்டும் ஜப்பான் அனிமேயும் இருந்தால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

இப்போது அவள் பார்க்கும் தொடரில் பூதங்களை வேட்டையாடும் ரகசியச் சங்கம் ஒன்று இருக்கிறதாம். டீ வருகிற வரைக்கும் அதன் பதவி வரிசையை எனக்கு விளக்கினாள். மொத்தம் ஏழு படி. ஜப்பானியப் பெயர்களை அவளே தமிழாக்கியிருந்தாள். புதிதாகச் சேர்கிறவர் துளி. அப்புறம் தூறல், ஓடை, ஆறு, ஏரி, அருவி... உச்சியில் கடல்.

"ஏரிக்கு மேலே அருவி எப்படி வந்தது?"

"அது அப்படித்தானுங்கக்கா."

சரி, எந்த ஆபீஸில்தான் பதவிப் பெயர்களுக்கு அர்த்தம் இருக்கிறது? அசிஸ்டென்ட் மேனேஜர் பெரியவரா, டெபுடி மேனேஜர் பெரியவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடல் ரேங்க்கில் மொத்தமே ஐந்து பேர்தான். தனி அங்கி, தனி வீடு, தலைவர் கூட்டும் கூட்டத்தில் உட்காரும் உரிமை. துளிகளுக்கு ஒரு சீருடையும் ஒரு மொண்ணைக் கத்தியும். பெரிய பூதம் எது வந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் துளிகள் கொத்தாகச் சாவார்கள். அவர்களுக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். பிறகு கடல் ஒருவர் நிதானமாக நடந்து வருவார். பின்னணி இசை மாறும்.

"ரேங்க் எதை வைத்து ஏறும்?"

"எத்தனை பூதத்தக் கொன்னாங்களோ, அத வெச்சுங்க. வேற எதையும் பாக்க மாட்டாங்க. சீனியாரிட்டி கிடையாது, சிபாரிசு கிடையாது. அதுதானுங்க எனக்கு ரொம்பப் புடிச்சுது."

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. நம் யூனிட்டுகளில் சூப்பர்வைசர் ஆவதற்கு என்ன தகுதி? மேனேஜருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சொந்தக்காரருடைய சொந்தமாகவாவது இருக்க வேண்டும். அதற்குப் பூதக் கணக்கு எவ்வளவோ மேல் அல்லவா?

வர்ஷினி அதை அப்படியே கம்பெனிக்குக் கொண்டுவந்துவிட்டாள். பூதம் என்றால் டேமேஜ். ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம். செக்கர் ஒரு டேமேஜைக் கண்டால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். சாயங்காலம் ஸ்டிக்கர்களை எண்ணினால் போதும், யார் எத்தனை பூதம் பிடித்தார் என்று தெரிந்துவிடும். மாதக் கடைசியில் 'ஆறு' என்ற ரேங்க்கைத் தாண்டியவர்களில் ஒருவருக்கு லைன் இன்சார்ஜ் பதவி. அப்போதும் துளியாகவே நிற்பவர் பிசிறு வெட்டும் செக்‌ஷனுக்குப் போக வேண்டியதுதான்.

நான் ஜெசிந்தாவைத் தேடினேன். மூன்றாம் லைனின் செக்கர். தூத்துக்குடிப் பக்கம். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். அவர் பார்த்து அனுப்பிய லாட் என்றால் நான் டீயை ஆறவிடாமல் குடித்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன். அவ்வளவு நம்பிக்கை. கறுப்பு ரிப்பன் அவருக்குத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பச்சை. அதாவது ஓடை.

"அதே அதிகமுங்கக்கா" என்றாள் வர்ஷினி. "மூணு வாரமாத் துளியாவே இருந்தாங்க. வயசாச்சு, கண்ணு தெரியலையோன்னு நெனச்சேன். திங்கக்கெழமை ஒரே நாள்ல நாப்பது பூதம் புடிச்சாங்க. ரெண்டு ரேங்க் ஏறிட்டாங்க."

நான் வேலையை ஆரம்பித்தேன். குழந்தைகள் டி-ஷர்ட். மூன்றாம் லைன் பெட்டிகளிலிருந்து பீஸ்களை எடுத்து, தோள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். நான்காவது பீஸில் கடுகளவு ஓட்டை. ஏழாவதில் இரண்டு. அப்புறம் இன்னொன்று... தையல் ஓரத்தில் வரிசையாக.

ஊசி முனை மழுங்கினால் வருகிற ஓட்டை இது. மழுங்கிய ஊசி நூலை விலக்காது, அறுத்துவிடும். தைத்தவுடன் தெரியாது. இஸ்திரி போட்டு, இழுத்துப் பார்த்தால்தான் வாயைத் திறக்கும். லாட் ஃபெயில். ஜெசிந்தாவின் லைனில் நான் எழுதும் முதல் ஃபெயில்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு பீஸைக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"தெரியும் மேடம்" என்றார். "அந்த ஒடிசா பிள்ள மெஷின்லதான். திங்கக்கெழமை காலைலேயே ஊசி முனை போயிட்டு. சத்தத்துலயே தெரிஞ்சிச்சு."

"தெரிந்துமா சொல்லவில்லை?"

"சொல்லல."

பிறகு அவராகவே சொன்னார்.

"எப்பவும் காலைல வந்ததும் ஒரு சுத்து வருவேன் மேடம். எந்த மெஷின் சத்தம் மாறியிருக்குன்னு கேப்பேன். ஊசிய மாத்தச் சொல்லுவேன். எண்ணெ ஒழுகுனா தொடைக்கச் சொல்லுவேன். அந்தப் பிள்ளைக்கித் தமிழ் தெரியாது, கையக் காட்டுனா புரிஞ்சிக்கிடும். பொறவு எங்கன டேமேஜ் வரும்? வரவே வராத டேமேஜுல ஸ்டிக்கர எங்கன போயி ஒட்ட?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"மூணு வாரம் வெள்ள ரிப்பனோட நின்னேன். நேத்து வந்த பிள்ளைக எல்லாம் பச்சையும் நீலமும் கட்டிக்கிட்டு நடக்குதுக. இன்னும் எட்டு நாளு போச்சின்னா பிசிறு வெட்டப் போகணும். பதினோரு வருசம் அதுக்கா நின்னேன்? அதான்... அன்னைக்கி ஒரு நாள் சும்மா இருந்துட்டேன். வாரதையெல்லாம் நானே புடிச்சிருவேன்னு நெனச்சேன். பாதிதான் ஆப்புட்டுச்சி."

எனக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும், முறைப்படி. ஆனால் வரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் போடும் சட்டையில் ஓட்டை விழும் என்று தெரிந்தே பேசாமல் நின்ற அந்த ஒரு நாள் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தேன்.

"மறைக்காண்டாம், எழுதிக்கிடுங்க மேடம்" என்றார். பிறகு என் கூடவே ஆபீஸ் ரூமுக்கு வந்து, வர்ஷினியிடமும் இதையே ஒரு சொல் குறைக்காமல் சொல்லிவிட்டு லைனுக்குத் திரும்பினார்.

வர்ஷினி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன்.

"உன் சங்கத்தில் பூதமே பிறக்காமல் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு என்ன ரேங்க்?" என்று கேட்டேன்.

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், எபிசோடு எபிசோடாக.

"அப்படி ஒருத்தர் அந்தக் கதையிலயே இல்லீங்கக்கா." லேப்டாப்பை மூடினாள். "இருந்தா கதையே இல்லீங்களே."

ஜப்பான்காரர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? கல்யாண வீட்டில் கைகலப்பை விலக்கிவிட்டவரைப் பத்து வருடம் பேசுகிறோம். பந்தியில் அந்த இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டவர் யார் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? அவர் ஏதோ இலை போடுகிறவர் என்று நினைத்திருப்போம். நடக்காத ஒன்றுக்கு யார் ஸ்டிக்கர் ஒட்டுவது?

அன்று சாயங்காலமே வர்ஷினி எல்லோரிடமும் ரிப்பனைத் திரும்ப வாங்கிவிட்டாள். நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை. மாற்றி மாற்றி உட்கார்ந்துகொள்கிறார்களாம். ஜெசிந்தா மூன்றாம் லைனிலேயே இருக்கிறார். லாட் முழுவதையும் பிரித்து மறுபடி பார்க்கும் வேலையை அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற இடத்தில், ரேங்க் முறையால் வந்த கோளாறு என்று விவரமாக எழுதி அனுப்பினேன். எங்கள் ஆபீஸிலிருந்து மறுநாளே பதில். பொறுப்பான ஆள் யார், அவர் மேல் என்ன நடவடிக்கை என்று இரண்டு கட்டம் காலியாக இருக்கிறதாம். அது நிரம்பாமல் லாட் நகராது.

சென்னியப்பன் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், ஒரு பேரு போட்டே ஆகோணும்ங்கறாங்களே. ஜெசிந்தாவ வேலைய விட்டெல்லாம் எடுக்க மாட்டனுங்க. ஒரு மெமோ மட்டும் குடுத்துப்போடறேன். காயிதந்தானுங்களே."

காகிதம்தான். ஆனால் மெமோ வாங்கியவருக்கு இந்த வருடம் லைன் இன்சார்ஜ் பதவி கிடையாது என்பது அந்தக் கம்பெனி வழக்கம். அது சென்னியப்பனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சனிக்கிழமை ஜெசிந்தா கையெழுத்துப் போட்டு மெமோவை வாங்கிக்கொண்டார்.

அதே சனிக்கிழமை எனக்கும் ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்தது. சரக்கு கப்பலேறும் முன்பே அந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்ததற்காக, இந்த மாதத்தின் சிறந்த இன்ஸ்பெக்டர் நான்தானாம்.