கை அறியாத சூடு

எங்கள் பட்டறையில் அவருக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். அவர் பாலிஷ் போட்ட கார்க் கதவின் முன்னால் நின்று தலை சீவிக்கொள்ளலாம். முதலாளி ஒருமுறை அப்படி நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வண்டியின் சொந்தக்காரர் வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் டிங்கர். நசுங்கிய தகட்டை நிமிர்த்துவது என் வேலை. அக்காவின் இடத்துக்கும் என் இடத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரைதான். பதினொரு வருடமாக அந்தப் பக்கம் அவருடைய பாலிஷ் மெஷின் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே இந்தப் பக்கம் சுத்தியல் தட்டியிருக்கிறேன். எங்கள் இரண்டு சத்தத்துக்கும் நடுவில் பேச்சு நுழையாது. டீ வந்தால்தான் பேசுவோம்.

முதலில் வண்டி கழுவத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். கழுவிய வண்டியை யாராவது அழுக்குத் துணியால் துடைத்தால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார். "துணில மண்ணு இருக்கு. நீ துடைக்கல, கீறிட்டு இருக்க" என்பார். இவ்வளவு கண் இருக்கிறவர் கையில் வாளி எதற்கு என்று முதலாளி மெஷினைக் கொடுத்தார்.

வெயிலில் நிற்கும் காரைப் பார்த்தால், சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றி வட்டவட்டமாகச் சிலந்திவலைபோல் கோடுகள் தெரியும். எல்லாம் மயிரிழைக் கீறல்கள். ஸ்பாஞ்சில் பசை தடவி மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, பெயின்ட்டின் மேல்பூச்சைக் கீறலின் ஆழம் வரைக்கும் தேய்த்து மட்டமாக்குவதுதான் பாலிஷ். அந்தப் பூச்சு ஒரு காகிதத்தின் கனம்கூட இருக்காது. எடுக்கத்தான் முடியும், திரும்ப வைக்க முடியாது. நகத்தால் வருடி, நகம் மாட்டினால் அந்தக் கீறலை அக்கா தொடமாட்டார். "இது உங்ககூடவே இருந்துட்டுப் போகட்டும் சார்" என்று சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவார்.

இன்னொன்று சூடு. மெஷின் ஒரே இடத்தில் கொஞ்சம் அதிகம் நின்றால் பூச்சு காய்ந்து கருகிவிடும். ஓரங்களிலும் முகடுகளிலும் இன்னும் சீக்கிரம். அதனால் நாலு இழுப்புக்கு ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அக்கா அதை நினைத்துச் செய்ததில்லை. மூச்சு விடுகிற மாதிரி கை தானாகப் போய்த் தொட்டுவிட்டு வரும்.

குளிரான காலைகளில் அவருடைய விரல்நுனி வெளுத்துப்போவதை முதலில் பார்த்தது நான்தான். சுண்ணாம்பு தொட்ட மாதிரி இருந்தது. கேட்டேன். "பச்சைத் தண்ணில கை வச்சேன் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்றார். பிறகு இரண்டு முறை டீ டம்ளர் கைநழுவியது. மூன்றாம் முறை நழுவியபோது அவர் உடைந்த டம்ளரைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கலாம். சுத்தியல் சத்தத்தில் என் வலது காதும் பாதி செத்துத்தான் கிடக்கிறது. பட்டறை ஆளிடம் ஏதாவது ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளத்தான் செய்யும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

அவருடைய கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். கூப்பிட்டால் எந்த நேரமும் ஓட வேண்டும். ஒரே மகள், ஒன்பது வயது. ஒரு நாள் காலையில் அவள் படுக்கையை விட்டு எழவில்லை.

"அம்மா, உடம்பு சுடுது."

அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கழுத்திலும் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் சுடல. கணக்குப் பரீட்சைன்னா உனக்கு எப்பவும் சுடும். எழுந்திரு."

பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பசை படிந்த ஏப்ரனோடு ஓடினார். காய்ச்சல் நூற்று மூன்று. பெஞ்சில் சுருண்டு கிடந்த பிள்ளையைக் காட்டி டீச்சர் கேட்டாராம், "காலைல தொட்டுக்கூடப் பாக்கலயாம்மா?"

மறுநாள் டீ நேரத்தில் அக்கா என்னிடம் அதைச் சொன்னார். "தொட்டுப் பாத்தேன் தம்பி. தொட்டுத்தான் பாத்தேன்."

பிள்ளைக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. அதன்பிறகு தலைவலி, வயிற்றுவலி எதுவானாலும் அவள் அம்மாவிடம் வருவதில்லை. அப்பா வரட்டும் என்று காத்திருந்து, "நீ தொட்டுப் பாருப்பா" என்பாள். கோபத்தில் சொல்லவில்லை. குழந்தை கணக்குப் போட்டு வைத்திருந்தது, அவ்வளவுதான்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்றேன், ரொம்பத் தாமதமாக.

"காட்டினா மெஷின வைக்கச் சொல்லுவாங்க. வச்சிட்டு?"

அவர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, உள்ளங்கைக்குப் பதிலாக முன்கையால் சூடு பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நாள் வண்டி அப்படி ஓடியது.

அப்போதுதான் ஒரு பல் டாக்டரின் கறுப்புக் கார் வந்தது. கறுப்பில் ஒரு தூசி தப்பாது. எங்கள் தொழிலில் கறுப்புக் காரும் மாமியார் வீடும் ஒன்று என்பார் முதலாளி, எங்கே தொட்டாலும் குற்றம். அக்கா இரண்டு நாள் உழைத்தார். கதவுகள் முடிந்து, பானட்டின் நடுவில் ஓடும் முகட்டுக்கு வந்திருந்தார். வெளியூர் போகும் அவசரம் டாக்டருக்கு. அந்த அவசரத்தில் முன்கை மறந்துபோய், பதினொரு வருடப் பழக்கம் உள்ளங்கையை முன்னால் அனுப்பிவிட்டது. கை போனது, தொட்டது, சரி என்று சொல்லிவிட்டு வந்தது.

எனக்கு முதலில் கருகல் வாடைதான் வந்தது. "அக்கா, நிறுத்துங்க" என்று திரையை விலக்கிக்கொண்டு ஓடினேன். அவர் மெஷினைத் தூக்கிவிட்டார். வெள்ளை ஸ்பாஞ்சில் கறுப்பு அப்பியிருந்தது. மேல்பூச்சு போய், நிறமும் போய், முகட்டில் நாணயம் அளவுக்குச் சாம்பல் அடிப்பூச்சு தெரிந்தது. அக்கா அதன்மேல் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"எனக்கு எதுவும் தெரியல தம்பி."

முதலாளி வந்து பார்த்தார். கத்தவில்லை. "ஏற்கெனவே எவனோ பெயின்ட் அடிச்ச பானட்டு, உள்ள வீக்கா இருந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றார்.

"வேணாங்க. நானே சொல்றேன்."

மாலையில் பல் டாக்டர் வந்தார். அக்கா தலையைக் குனியாமல் நடந்ததைச் சொன்னார். நாங்கள் திட்டு வாங்கத் தயாராக நின்றோம். டாக்டர் பானட்டைப் பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பார்த்தார்.

"கண்ண மூடுங்க. எந்த விரல்னு சொல்லுங்க" என்று கார் சாவியின் நுனியால் மோதிர விரலைத் தொட்டார்.

"தொட்டுட்டீங்களா?" என்று அக்கா கேட்டார்.

அடுத்து ஆட்காட்டி விரலை அழுத்தினார். "நடுவிரல்" என்றார் அக்கா.

டாக்டர் சாவியைப் பையில் போட்டார். "நானும் தினம் மரத்துப்போகத்தான் ஊசி போடறேன். அது மூணு மணி நேரத்துல இறங்கிடும். இது அப்படி இல்லம்மா. நரம்பு டாக்டரப் பாருங்க, நாளைக்கே." பானட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்தால் போதும் என்றார். கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் போனபிறகு அக்கா காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நரம்பு டாக்டரிடம் கணவர் கூட்டிப்போனார். வருடக்கணக்கான அதிர்வில் விரல் நரம்புகள் கெட்டிருக்கின்றன என்றார்கள். மெஷினை விட்டால் இதற்குமேல் மோசமாகாது, போனது திரும்புமா என்பதைச் சொல்ல முடியாது. சூடு காட்டும் கருவி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்ததைச் சொல்லி, அது போதுமா என்று கணவர் கேட்டிருக்கிறார். "பிரச்சினை சூடு இல்ல, மெஷினோட ஆட்டம். கருவி வாங்கினா அந்த ஆட்டம் நிக்குமா?" என்றாராம் டாக்டர்.

முதலாளி கெட்டவர் இல்லை. பழைய ஆளை அனுப்ப மனமில்லாமல் கீறல் பார்க்கும் விளக்கைக் கையில் கொடுத்தார். முடிந்த வண்டியைச் சுற்றிவந்து மிச்சக் கீறல்களைக் காட்டுவது இனி அக்காவின் வேலை. மெஷினுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தார். பெரிய ஷோரூமில் இருந்தவர், கை வேகம்.

"இங்க பாருங்க, மெஷின் சுத்தின தடம் அப்படியே நிக்குது" என்று அக்கா விளக்கைச் சாய்த்துக் காட்டுவார்.

"அக்கா, இந்த வெளக்கோட யாரு ரோட்டுல போறா? விடுங்க."

முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார். "டெலிவரிக்கு வந்துட்டாங்க. அடுத்த வண்டில பாத்துக்கலாம்மா."

வண்டி போய்விடும். அக்கா அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, பழையதைவிட நன்றாகவே தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு மதியம் அந்த ஆள் சாப்பிடப் போயிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமியது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது யார் கை என்று. போய்ப் பார்த்தால், ஒரு வெள்ளைக் காரின் கதவில் அக்கா சீராக இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். கருகிய பானட்டுக்குப் பிறகு முன்கையையும் அவர் நம்பவில்லை.

"தம்பி, தொட்டுப் பாரு."

தொட்டேன்.

"சுடுதா?"

"சுடுதுக்கா."

"எவ்வளவு? கை வச்சா எடுக்கத் தோணுதா, இல்ல வச்சிருக்கலாமா? இப்போ நிறுத்தணுமா, இன்னும் ரெண்டு இழுப்பு தாங்குமா?"

மறுபடி கை வைத்தேன். இரும்போடு பழகிய காய்ப்புக் கை என்னுடையது. சுடுகிறது என்று மட்டும் தெரிந்தது. எவ்வளவு என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மெஷினின் வயரைச் சுருட்டி, ஸ்பாஞ்சைக் கழற்றிக் கழுவிக் காயப்போட்டார். கதவில் பாதி மட்டும் பளபளத்தது. சாப்பிட்டுவிட்டு வந்த ஆள் அதைப் பார்த்து, "இத யாரு பண்ணது, சுத்தமா இருக்கே" என்றார். அக்கா விளக்கோடு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அந்த ஆள் மீதிக் கதவைத் தன் வேகத்தில் முடித்தார். இரண்டு பாதிக்கும் இருந்த வித்தியாசம் என் கண்ணுக்கே தெரிந்தது. சொந்தக்காரருக்குத் தெரியவில்லை. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.