ஆளில்லாத படகு

ஒரு கலைக்களஞ்சியத்தைப் பாதி படித்திருந்ததால், எங்கள் தீவின் அபர்டீன் பஜாரிலேயே கேடயச் சின்னங்களின் பேரறிஞன் நான்தான். மெயின்லாண்டிலிருந்து வரவிருந்த பிஷப்பின், எங்கள் வழக்கில் மேற்றிராணியாரின், சின்னத்தைக் கோயில் வாசல் வளைவில் பெரிதாக வரையும் பெருமை அதனால்தான் எனக்குக் கிடைத்தது. வேறு யாரும் பிரஷ் பிடிக்க முன்வராததும் ஒரு சிறு காரணம்.

மாதிரிக்குக் கிடைத்தது கறுப்பு வெள்ளையில் அச்சான படம். கேடயம் முழுக்கக் குறுக்குக் கோடுகள்.

"அலையாப்பா?" என்றார் பங்குச் சாமியார்.

"இல்ல சாமி. அச்சுல குறுக்குக் கோடுன்னா நீலம். புள்ளி வச்சா பொன்."

அவர் பார்வையில் இருந்தது மரியாதைதான் என்று இன்றும் நம்புகிறேன். மேலே பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு ஆறு குஞ்சம். நடுவே படகு, அது திருச்சபை. பாய்மரம் சிலுவை. நீலத்துக்கு ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் படகுகளுக்கு அடிக்கும் பெயிண்ட்தான் அகப்பட்டது. திருச்சபைக்கும் சர்க்கார் படகுக்கும் ஒரே டப்பா.

காய்வதற்குள் அம்மா வந்துவிட்டாள், மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்களோடு.

"ஏல, படகுல ஆள எங்க?"

"அது திருச்சபைம்மா. அடையாளம்."

"ஆளில்லாம வள்ளம் மெதந்தா என்ன அடையாளம்னு எனக்குத் தெரியாதால? ஊர்ல உங்க மாமன் வள்ளம் அப்படித்தான் கரைக்கு வந்துச்சு."

நான் விடாமல் பாய்மரத்தின் இறையியலை விளக்கினேன்.

"ஒன் புஸ்தகம் வந்து வரவேற்கட்டும். இதுக்குக் கீழ நாங்க நொழைய மாட்டோம்."

எதிர்ப்புறம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பாடகர் குழுவே அவர்கள்தான். சாமியாருக்கு வேர்த்தது.

"மேற்றிராணியார் சின்னத்துல கை வைக்கக் கூடாதுப்பா" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "சின்னதா ஒரு ஆளு போட்டா தெரியவா போகுது? ஜல்தி" என்றார்.

போட்டேன். அங்கிருந்தே அம்மாவின் குரல்: "தனியாவா அனுப்புவ?" இன்னொருவனையும் ஏற்றினேன். "துடுப்பு?" துடுப்பும் கொடுத்தேன். கலைக்களஞ்சியம் கண்ணை மூடிக்கொண்டது.

மேற்றிராணியார் ஜீப்பிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். "படகுல யாரு?"

சாமியாருக்கு இருமல் வந்தது. அம்மாதான் எழுந்து சொன்னாள்: "முன்னால நீங்கதான் ஆண்டவரே."

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா."

"அதுக்குத்தான் பின்னால ஒருத்தன்."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். பெண்கள் பாட்டெடுத்தபடி பின்தொடர்ந்தார்கள். வளைவுக்குக் கீழே வந்ததும் அம்மா மட்டும் பாட்டை நிறுத்தி, என் காதோரம் சொன்னாள்:

"ஏல, பின்னால உள்ளவனுக்கு மாமன் மாதிரி மீசை வச்சிருக்கலாம்ல."