எலும்பக்காவின் பரிவாரம்

வறுத்த கோழிக் கடைக்குப் பூட்டு விழுந்த அன்று தெருவே ஆளுக்கொரு பேச்சுப் பேசியது. மருந்துக் கடைக்காரர், "போச்சு, என் வயித்தெரிச்சல் மாத்திரை வியாபாரம் படுத்துடும்" என்று சிரித்தார். மாடியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன், "ஒழிஞ்சுது சனியன்" என்று கைதட்டினான். கல்லூரிப் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் உதட்டைப் பிதுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் கிளை வைத்திருந்த கம்பெனி, நஷ்டமாம், சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடிவிட்டது. பின்சந்தில் காத்துக் கிடந்த நாய்களைப் பற்றி ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே! மூச்!

அவற்றுக்குப் படியளந்தவள் ஒருத்திதான். அந்தக் கடையில் மேசை துடைத்து, தட்டு வழித்து, கழிப்பறை கழுவியவள். மிச்சத்தையெல்லாம் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அவளுக்கா மனசு வரும்? வேலை முடிந்ததும் வாளி நிறைய எலும்போடு பின்கதவைத் திறப்பாள். எலும்பக்கா என்ற பெயர் இப்படித்தான் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் பெரிய செவலை நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். அது வாய் வைத்த பிறகுதான் மற்றவை கிட்டே வரும். "ஐயா சாப்பிடட்டும், பொறுங்கடா" என்று அதட்டுவாள். வீட்டில் அவள் சொல் எடுபடாது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகளோ ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். சந்தில் மட்டும் அவள் மகாராணி.

அந்த மகள்தான் அலைந்து திரிந்து, நாலு தெரு தள்ளி ஒரு மழலைப் பள்ளியில் அவளுக்கு ஆயா வேலை பிடித்துக் கொடுத்தாள். இந்த வயசில் இதையும் விட்டால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? கேட்டைத் திறந்து மூட வேண்டும், மூக்குச் சிந்திவிட வேண்டும், தூங்குகிறதுகளைத் தூக்கிப் பாயில் போட வேண்டும். சின்னதுகள் "ஆயாம்மா" என்று காலைக் கட்டிக்கொண்டபோது எலும்பக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சந்துப் பக்கம் நிலைமை வேறு. முதலில் நாய்கள் பூட்டிய பின்கதவைப் பிராண்டிக்கொண்டு கிடந்தன. பிறகு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மருந்துக் கடைக்காரர் வளர்த்த பூனையைக் காணோம். வண்டியில் சாப்பாடு கொண்டுபோனவனை நாய்கள் கீழே தள்ளிப் பையைக் கிழித்தன. மருந்துக் கடைக்காரர் எலும்பக்காவை வழிமறித்தார். பழைய சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"அக்கா, நீங்க பழக்கிவிட்டது. நீங்களே ஒரு வழி பண்ணுங்க."

"நான் என்ன வேணும்னா பண்ணேன்? வாயில்லா ஜீவனுங்க தம்பி."

"வாயில்லையா? அதுங்களுக்கு வாய் மட்டும்தாங்க்கா இருக்கு இப்போ."

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துச் சந்தில் போட்டுவிட்டு வேலைக்கு நடந்தாள். அங்கேதான் அவள் புத்தி பிசகியது. அத்தனை பசிக்கு அந்தப் பிஸ்கட் எந்த மூலைக்கு? திரும்பிப் பார்த்தால் மேனேஜர் பின்னாலேயே வருகிறது. அதன் பின்னால் மற்றவை. குரைக்கவில்லை, வாலாட்டவும் இல்லை. "சூ! போங்க!" என்றாள். நின்றன. அவள் நடந்தாள். அவையும் நடந்தன.

பிள்ளைகள் அதற்குள் வந்துவிட்டிருந்தார்கள். பள்ளிக்குள் நுழைந்து கேட்டைச் சாத்தினாள். நாய்கள் வெளியே வரிசையாகப் படுத்துவிட்டன. "எங்கிருந்து வந்துச்சு இதெல்லாம்?" என்று தலைமை ஆசிரியை கேட்டார். எலும்பக்கா ஒரு குழந்தையின் மூக்கைச் சிந்திவிடக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் வேலை போச்சு. நாய் பிடிக்கிறவர்கள் வரச் சாயங்காலம் ஆகும் என்று போனில் பதில் வந்தது.

மத்தியானம் பள்ளி விடும் நேரமும் வந்தது. சாப்பாட்டுப் பையும் கையுமாகச் சின்னதுகள் கேட்டருகே வந்து நின்றன. தெருவில் அப்பா அம்மாக்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஒரு குழந்தை, "ஆயாம்மா, நாய்!" என்று கம்பி வழியே கையை நீட்டியது. மேனேஜர் எழுந்து வந்தது. அந்தக் கையை நிதானமாக, விரல் விரலாக முகர்ந்தது.

எலும்பக்கா குழந்தையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மிஸ், நான் வெளியே போறேன். போனதும் உள்ளே பூட்டிக்கோங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"இதுங்க என்னைத் தேடித்தான் வந்திருக்கு. நான்தான் சோறு போட்டு வளர்த்தேன். நான் போனா பின்னாலேயே வந்துடும்."

தலைமை ஆசிரியையின் முகம் மாறியது. "கையில போடறதுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்குன்னு நினைச்சுக்கட்டும்."

அவள் வெளியே வந்ததும் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. "வாங்கடா, வாங்க" என்றாள். எல்லாம் எழுந்தன. அப்பா அம்மாக்கள் நின்ற பக்கத்தை விட்டு, ஆளில்லாத மைதானத்தைப் பார்த்துத் திரும்பினாள். ஓடினால் மேலே பாய்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

சின்னதுகளுக்கு என்ன தெரியும்? "ஆயாம்மா, டாட்டா!" என்று கூட்டமாகக் கத்தின. அவள் திரும்பாமல், வெறும் கையை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். மேனேஜரின் ஈர மூக்கு அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தது.