மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும்

உலகம்மையின் இரண்டு கைகளும் படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன. பழையதைப் பாதிக் கட்டில் வரை சுருட்டி, அதை ஒட்டியே புதியதை விரித்து, ஆளை அந்தச் சுருளுக்கு அப்பால் புரட்டினால் போதும். தூக்க வேண்டியதில்லை. படுக்கையில் கிடந்த மாமியாரை ஐந்து வருடம் பார்த்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"புதுசாடி நீ?" என்றாள் கட்டிலில் கிடந்த லலிதாம்பாள். எண்பத்திரண்டு வயது, கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரி. "உனக்கு முன்னே வந்தவ மூணு நாள் இருந்தா. நீ எத்தனை நாள்?"

"இன்னைக்கு ஒரு நாள் வேலை செய்யவிட்டுப் பாப்பாங்களாம் மாமி. பொறவுதான் சொல்லுவாங்க."

"அப்போ இன்னிக்கு மட்டும் என்னைக் கீழே போட்டுடாதே."

கழக்கூட்டத்தில் இருந்த அந்த முதியோர் இல்லம் விளம்பரத்தில் கேட்டது மூன்று: பிளஸ் டூ, இரண்டு வருட அனுபவம், மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல். உலகம்மை பூதப்பாண்டியில் தமிழில் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி மலையாள ஊரான ஆரியசாலைக்கு வந்து இருபத்தாறு வருடம். மலையாளத்தில் பேரம் பேசிச் சாலைச் சந்தைக் கடைக்காரர்களை மடக்கிவிடுவாள்; ஆனால் ஓர் எழுத்துத் தெரியாது. வங்கிப் படிவம், மகளின் பள்ளிக்கூடத்துக் காகிதம் எல்லாம் கணவர் பகவதிப்பெருமாள் பார்த்துக்கொண்டார். அவர் கணக்கு எழுதிய மொத்த வியாபாரக் கடை போன சித்திரையில் மூடிவிட்டது. இப்போது அவள்தான் வேலைக்குப் போக வேண்டும்.

விண்ணப்பத்தைப் போனில் நிரப்பியவள் மகள் நீது.

"பிளஸ் டூ இல்லியே மக்கா."

"அவங்க எல்லாந்தான் கேப்பாங்க. பாதி இருந்தா போடலாம். எனக்க ஆபீஸ்ல பையன்மாரு அதுவும் இல்லாமத்தான் போடுதானுவ."

மலையாளத்துக்கு நேரே 'தெரியும்' என்று தொட்டபோது நீது கேட்கக்கூட இல்லை. இத்தனை சரளமாகப் பேசுகிற அம்மாவுக்கு எழுத வராது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உலகம்மை பார்த்தாள். சும்மா இருந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு லலிதாம்பாளைப் புரட்டியபோது வால் எலும்பின்மேல் ஒரு சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். நல்ல தோல் என்றால் அழுத்திய இடம் ஒரு நொடி வெளுக்கும். இது வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்குகிற இடம்.

நான்கு மணிக்குப் பொறுப்பு நர்ஸ் ஜெயபாய் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "லலிதாம்பாள் மாமி விவரத்த எழுதி வை. ராத்திரி டூட்டிக்கு வாற பொண்ணு அஞ்சு இதப் பாத்துத்தான் எல்லாம் செய்வா." சொல்லிவிட்டு மருந்தறைக்குப் போய்விட்டாள்.

உலகம்மை பேனாவை எடுத்தாள். நேற்றைய பக்கத்தைத் திருப்பினாள். ஆறு வரிகள். முந்தின நாளும் ஏறக்குறைய அதே ஆறு வரிகள்தான். கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல முதல் வரியைப் பார்த்து வரைந்தாள். இரண்டாவதையும் வரைந்தாள். அச்சு அசலாகத்தான் இருந்தது. மூன்றாவதில் பேனா நின்றது. சிவப்பு நேற்று இல்லை. எந்த வரியைப் பார்த்து அதை வரைவது? எழுதாவிட்டால் அஞ்சு வழக்கம்போல மாமியை மல்லாக்கப் படுக்கவைப்பாள். விடிவதற்குள் தோல் உரிந்துவிடும்.

பதிவேட்டோடு மருந்தறைக்குப் போனாள்.

"சிஸ்டர், எனக்கு மலையாளம் எழுதத் தெரியாது."

"பின்னே இந்த ரெண்டு வரி?"

"நேத்துள்ளதப் பாத்து வரஞ்சேன்."

"வரஞ்சியா!" ஜெயபாய் பக்கத்தைப் பார்த்தாள். "வயிறு நல்லா போச்சுன்னு இருக்கு. இன்னைக்குப் போச்சா?"

"போகல்ல."

"அப்போ பொய்ய வரஞ்சு வச்சிருக்க."

"சரிதான் சிஸ்டர். எனக்குள்ளத பொறவு பேசுங்க. மாமிக்க முதுகை வந்து பாருங்க."

ஜெயபாய் வந்து அழுத்திப் பார்த்தாள். இரண்டு வரிகளையும் அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினாள். "நீ வீட்டுக்குப் போ. வரணுமா வேண்டாமான்னு போன்ல சொல்லுதேன்."

வீட்டில் உலகம்மை போனை முந்தியிலேயே முடிந்துவைத்திருந்தாள். நீது இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டாள். "உனக்க தப்பு இல்ல, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள் உலகம்மை. எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"ஆறரைக்கு வா. ஒரு மாசம் பாக்கேன். அதுவர நீ வாயால சொல்லு, கூட நிக்கவங்க எழுதட்டும். அதுக்குள்ள எழுத்துப் படிச்சாத்தான் வேல. இனி வரைய மட்டும் செய்யாத."

மறுநாள் காலை ஆறரைக்கு அஞ்சு பதிவேட்டோடு கட்டிலருகே நின்றாள். "வேகம் பறயணே சேச்சி, எனக்கு ஏழு மணி பஸ் உண்டு" என்று மலையாளத்தில் அவசரப்படுத்தினாள்.

உலகம்மை லலிதாம்பாளை இடதுபக்கம் சாய்த்து அழுத்திப் பார்த்தாள். மெல்ல வெளுத்தது.

"கொறஞ்சிருக்கு. ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா புரட்டணும்னு எழுது. நேத்துல இருந்து வயிறு போகல்ல, அதையும் எழுது."

"என் மானத்தைப் புஸ்தகத்துல ஏத்தறேளா?" என்றாள் லலிதாம்பாள்.

"ஏத்தித்தான் ஆகணும் மாமி" என்று சொல்லிவிட்டு, அஞ்சு எழுதி முடிக்கும்வரை உலகம்மை பேனா போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.