வராத கோடு

பட்டையில் ஒரு கோடுதான் வந்தது. இரண்டாவது வரவேயில்லை. கப்பலேறப் போகிறவர்களின் சிறுநீரில் போதைமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் கிடர்பூர் லேபில் நான் அட்டெண்டராக இருந்த காலம். எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான். இருந்தாலும் முதல் நாளே மண்டையில் ஏறிய பாடம் அது. இரண்டு கோடு வந்தால் ஆள் சுத்தம், ஒன்று வராவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அன்று கோடு வராதது அபினுக்கான பட்டையில். சிறுநீர் என் அத்தானுடையது. அக்காவின் கணவர், கப்பலில் சமையல்காரர். சோதனையில் தவறினால் கப்பலும் இல்லை, வேலையும் இல்லை.

லீவில் வந்ததிலிருந்து பகலெல்லாம் தூங்கினாரே, துறைமுக டாக் பக்கம் யாரோடோ ஒதுங்கி நின்று பேசினாரே என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது.

டாக்டர்பாபு அவரைக் கூப்பிட்டு, முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டு பௌதி விருந்து வெச்சாங்க. ஆலு போஸ்தோ."

பௌதி என்றால் அண்ணி. ஆலு உருளைக்கிழங்கு; போஸ்தோ என்றால் நம் கசகசா, அபின் செடியின் விதை. நாம் குருமாவுக்குக் கொஞ்சம் போடுவதை, இந்த வங்காளிகள் அரைத்துக் கறியாகவே சாப்பிடுவார்கள். டாக்டர்பாபு சிரித்துவிட்டார். "இப்படிப் பார்த்தால் இந்த ஊரில் ஒருத்தரும் கப்பலேற முடியாது. போஸ்தோவை விட்டுவிட்டு அடுத்த வாரம் வாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல்காரருக்குக் கசகசாவின் குணம் தெரியாதா? தெரிந்தே, அபினை மறைக்க விருந்தை ஒரு சாக்காக்கிக்கொண்டாரோ? பௌதியிடமே போய் விசாரித்தேன்.

"உன் ஜாமாய்பாபு சட்டியையே வழிச்சுட்டார். உனக்கும் வேணுமா?" என்றாள். ஜாமாய்பாபு என்றது அத்தானைத்தான்.

வயிறு முட்டச் சாப்பிட்டேன். மறுநாள் யாரும் பார்க்காமல் என் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்தேன். எனக்கும் கோடு வரவில்லை. அதிலும் மனம் ஆறவில்லை. போஸ்தோவால் இப்படி வரும் என்றுதானே ஆயிற்று? அவருக்கும் அதனால்தான் வந்தது என்று ஆகிவிடுமா?

அடுத்த வாரம் அவர் கழிப்பறைக்குள் போக, நான் வெளியே நின்றேன். வேறு யாருடையதையாவது ஒளித்துக் கொண்டுவந்து ஊற்றிவிடுவார்கள் என்று பாட்டிலில் சூடு இருக்கிறதா எனத் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெளியே வந்த அத்தான் பாட்டிலை நீட்டினார்.

"தொட்டுப் பாரு மாப்ளே. உங்க அக்காளுது இல்ல, என்னுதுதான்."

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு கோடும் வந்தன. கப்பலேறிப் போனார்.

இப்போது ஓய்வுபெற்று பவானிபூரில் இருக்கிறார். நான் போனால் அவரே டீ போடுவார். டம்ளரை நீட்டும்போது, "சூடு இருக்கா மாப்ளே?" என்பார். அக்கா எதற்கென்று தெரியாமலே சிரிப்பாள். நான் வாங்கிக் குடித்துவிடுவேன்.