சிமெண்டு கித்தாரும் சிகரெட்டு நிலாவும்

கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டை வீடியோ எடுத்தோம். ஒருவன் பாட்டை எழுதிப் பாடியவன். இன்னொருவனுக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு மூட்டை சிமெண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெற்றிலை போட்டபடி நடப்பான் என்பதால் அவனுக்குப் பயில்வான் என்று பெயர். மூன்றாவது ஆள் நான். எனக்குப் பாடவும் வராது, தூக்கவும் வராது. அட்டையும் பசையும் கத்தரிக்கோலும் கையில் இருந்தால் எதையும் செய்துவிடலாம் என்ற திமிர் மட்டும் நிறைய இருந்தது.

இது எண்பதுகளின் கடைசியில், அரியலூரில் நடந்தது. கல்லூரி ஆண்டு விழாவில் பாடகன் தன் சொந்தப் பாட்டைப் பாடுவதாகப் பெயர் கொடுத்திருந்தான். விழாவுக்குப் பொறுப்பான சார் இரண்டு வரி கேட்டுவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏண்டா, இது பாட்டா, பஸ் ஸ்டாண்டுல பல்பொடி விக்கிறதா?"

அன்றைக்கே பாடகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்புதான் டெல்லி டிவியில் ஒரு வெள்ளைக்காரன் புகைக்குள் நின்று கித்தார் அடித்துக்கொண்டு கத்துவதை அவன் பார்த்திருந்தான். இந்தக் கல்லூரி மேடை யாருக்கு வேண்டும், நாம் வீடியோவே எடுப்போம் என்றான். எடுப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினான். கித்தார், டிரம்ஸ், நிலா, புகை. நிலா ஏன் என்றால், அவன் பாட்டில் நிலா ஏழு இடத்தில் வரும். காதலி ஒரே இடத்தில்தான் வருவாள், அதுவும் நிலாவைப் பார்ப்பதற்காக.

"எல்லாத்தையும் நான் செஞ்சு தரேன். ஆனா கித்தாரு எங்கையிலதான் இருக்கணும். பாட்டு முடியிற வரைக்கும்" என்றேன்.

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமாடா?"

"அட்டை கித்தார வாசிக்கத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

பாடகன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கலை ஆர்வமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. என் முகம் டிவியில் வர வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆசை என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா எங்கள் ஊர் சத்துணவுக் கூடத்தில் ஆயா. சோறு வாங்க வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் சொன்னாள், வாத்தியார்களிடம் சொன்னாள், முட்டை இறக்க வந்த வண்டிக்காரரை நிற்கவைத்துச் சொன்னாள். "எங்க தம்பி டிவில வரப் போறான். கையில கித்தாரு வச்சிருப்பான்." ஒரே வாரத்தில் எங்கள் தெருவில் எனக்குக் கித்தார் என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. அந்தச் சாமான் எப்படி இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். ஒரு கேசட்டின் மேலட்டையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம் பார்த்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் நோட்டுக்கு அட்டை போடுவது முதல் கூரையில் ஒழுகும் இடத்தில் செருகுவது வரை எல்லாவற்றுக்கும் சிமெண்டு பைத்தாள்தான். கெட்டியான காக்கித் தாள், வீடு கட்டுகிற இடத்தில் சும்மாவே கிடைக்கும். எடுத்ததும் நன்றாக உதறி, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும். இது எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் ஒழுங்காகத்தான் உதறினேன். ஆனால் காய்ச்சிய மைதா பசை நீர்த்துப் போய்விட்டது. திரும்ப மைதா வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல். உதறிய சிமெண்டுத் தூசி கீழே குவியலாகக் கிடந்தது. பசை கெட்டியாக வேண்டும், இதுவும் மாவு மாதிரிதானே இருக்கிறது என்று அள்ளிப் போட்டுக் கிண்டினேன். பசை அருமையாக வந்தது. அந்தப் பசையைத் தடவித் தடவி, பன்னிரண்டு அடுக்குத் தாளை ஒட்டினேன்.

மூன்று நாள் வெயிலில் காய்ந்தது. நாலாம் நாள் ஒரு கையால் எடுக்கப் போனேன், வரவில்லை. இரண்டு கையாலும் எடுத்தேன். குழவிக்கல்லுக்குக் கழுத்து முளைத்ததுபோல் இருந்தது. விரலால் சுண்டினால் 'டங்' என்றது. ஆனால் பார்ப்பதற்கு அத்தனை அழகு. சிவப்புப் பெயிண்ட் அடித்து, சோடா மூடிகளைத் திருகாணியாக வைத்து, கட்டுக்கம்பியில் தந்தி இழுத்திருந்தேன். எத்தனை தந்தி என்று தெரியாததால், குறை சொல்லக் கூடாதென்று ஏழு.

நிலாவுக்கு மூங்கில் பத்தையை வட்டமாக வளைத்து, அப்பாவின் பழைய வேட்டியை இழுத்துக் கட்டினேன். மேலே ஒட்ட வெள்ளித்தாள் வேண்டும். சிகரெட்டுப் பெட்டிக்குள் இருக்குமே, அந்தத் தாள். டீக்கடை டீக்கடையாகப் பொறுக்கினேன். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் பீடிக் கட்சி. சிகரெட்டுப் பிடிக்கிறவர்கள் மொத்தமே நாலைந்து பேர், அவர்களும் ஒன்று ஒன்றாகத்தான் வாங்குவார்கள். முக்கால் நிலாவோடு தாள் தீர்ந்துபோனது. பாடகன் வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, இது தேய்பிறை" என்று பெரிய மனதோடு சொன்னான்.

டிரம்ஸுக்குப் பெயிண்ட் டப்பாக்கள். அதன் பக்கத்தில் பளபளவென்று ஒரு தட்டு நிற்க வேண்டுமே? அதற்கு அம்மா சத்துணவுக் கூடத்துச் சாம்பார் அண்டாவின் மூடியை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "திங்கக்கெழம காலைல திரும்ப வந்துடணும் சாமி, இல்லன்னா எம்பொழப்பு போயிடும்" என்றாள்.

இனி கேமரா. எங்கள் ஊரில் பெரிய வீடு என்று ஒன்று உண்டு. நிலமும் கிணறும் டிராக்டரும் உள்ள குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், பெரம்பலூரிலிருந்து வீடியோக்காரர் வருகிறார் என்று தெரிந்ததும் போய் அவரைப் பிடித்தோம். அவருக்கு லைட் பிடிக்கிற ஆள் கிடைக்கவில்லை. பயில்வான் முகூர்த்தம் முழுக்க லைட் பிடித்தால், மத்தியானம் விருந்து முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்புவதற்குள் எங்கள் பாட்டை எடுத்துத் தருவதாகச் சொன்னார். அதே கேசட்டில் எடுத்து, பிறகு தனியாகக் காப்பி போட்டுத் தருவாராம்.

சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்து விட்டுப்போன பள்ளம் ஒன்று ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி வெயிலில் அங்கே எங்கள் நிலா உதயமானது. வீடியோக்காரர் கல்யாணச் சாப்பாட்டு ஏப்பத்தோடு வந்து கேமராவைத் தோளில் வைத்தார். இருபது வருடமாகக் கல்யாணத்தைத் தவிர அவர் வேறு எதையும் எடுத்ததில்லை. முதலில் போட்டோ, பிறகு வீடியோ.

"மூணு பேரும் சேந்து நில்லுங்க. கேமராவப் பாத்துச் சிரிங்க. ரெண்டு கையும் கும்புடுங்க" என்றார்.

"அண்ணே, இது சோகப் பாட்டுண்ணே" என்றான் பாடகன்.

"சோகத்துக்கு அப்பறம் மூஞ்சிய வச்சுக்கலாம் தம்பி, மொதல்ல ஒண்ணு சிரிச்சு எடுத்துக்கறேன்."

டேப் ரெக்கார்டரில் பாட்டு ஓட, பாடகன் வாயசைக்க வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கித்தாரைத் தூக்கி, பயில்வானின் பழைய பெல்டைக் கழுத்தில் மாட்டினேன். முதல் இரண்டு வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வரியில் பெல்ட் அறுந்தது. கித்தார் நேராக என் வலது கால் பெருவிரலில் இறங்கியது. நான் போட்ட சத்தம் கல்யாண வீடு வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கித்தாருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

என்னால் நிற்க முடியவில்லை. பயில்வான் வந்து அதை அலட்சியமாகத் தூக்கி, இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல் வைத்துக்கொண்டான். அப்போது பார்த்து நிலாவுக்கு வேறு கேடு வந்தது. மேட்டிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருந்தோம். காற்றில் அது பம்பரமாகச் சுற்றியது. யாராவது பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

"நீ சும்மாதான ஒக்காந்திருக்க, போய்ப் புடிச்சுக்கடா" என்றான் பாடகன்.

"என் கித்தாருடா அது!"

"மாப்ள, கல்யாண வண்டி கெளம்பிடும். அவரு போயிட்டாருன்னா யாருமே வீடியோல இல்ல."

வயிறெரிந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நொண்டிக்கொண்டே போய் நிலாவுக்குப் பின்னால் குந்தி, வளையத்தைப் பிடித்துக்கொண்டேன். பச்சை வேப்பிலையும் வைக்கோலும் போட்டுப் புகை மூட்டினார்கள். காற்று என் பக்கம் அடித்தது. முன்னால் பாட்டு நடந்தது, பின்னால் நான் இருமிக்கொண்டிருந்தேன். நடுவில் டேப் ரெக்கார்டரின் பேட்டரி இறங்கிப்போய், பாடகனின் குரல் எருமை கத்துவதுபோல் இழுத்தது. பேட்டரியை எடுத்து வெயிலில் வைத்துச் சூடாக்கித் திரும்பப் போட்டார்கள். அதுவரை நான் நிலாவை விடக் கூடாது என்று உத்தரவு.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "நல்லா வந்துச்சா?" மூடியைக் கையில் கொடுத்துவிட்டு "வந்துச்சு" என்றேன். கால் வீக்கத்துக்குக் கல்லில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்லத் துப்பில்லை.

காப்பி வரவே இல்லை. பாடகன் இரண்டு தடவை பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் வந்தான். "மிக்ஸிங்குக்குத் திருச்சி போயிருக்கு, வந்துடும்" என்ற பதிலோடு திரும்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துக் கல்யாணக் கேசட்டைப் போட்டார்கள். சாயங்காலமானால் எங்கள் ஊரில் கரண்ட் குறைந்து டிவியை இழுக்காது என்பதால் பட்டப்பகலில், ஜன்னலில் சாக்கைக் கட்டி இருட்டாக்கிப் போட்டார்கள். உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு இடம் வாசற்படிக்கு வெளியே. அதை யாரும் சொல்லவில்லை, யாரும் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. காலேஜ் படிக்கிற நானும் அங்கேதான் அம்மா பக்கத்தில் நின்றேன். இதில் எங்கள் பாட்டு இருக்காது என்று எனக்குள்ளே நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

தாலி கட்டி முடிந்து, பந்தி முடிந்து, மொய் எழுதி முடிந்து, திடீரென்று சுண்ணாம்புப் பள்ளம் வந்தது. புகை வந்தது. அதற்குள்ளிருந்து பாடகன் வாயைப் பிளந்துகொண்டு வந்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது நாதஸ்வரம். வீடியோக்காரர் எங்கள் பாட்டை நீக்கிவிட்டுக் கெட்டிமேளத்தைச் சேர்த்திருந்தார். பயில்வான் சிமெண்டு கித்தாரைத் தவில்போல் தட்டிக்கொண்டிருந்தான். கூடம் முழுக்க ஒரே சிரிப்பு. அடுத்து நிலா வந்தது, அதன் நடுவில் மிக்ஸிங்கில் செருகிய பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாகச் சிரித்தார்கள். நாங்கள் அவருக்கு இலவசமாகச் செய்து கொடுத்த அலங்காரம் அது. பெண்ணின் தோழிகள் கை தட்டினார்கள்.

"எங்க மூடி!" என்றாள் அம்மா முதலில். பிறகு, "நீ எங்கடா?" என்றாள்.

வெளியே நின்ற எங்கள் தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "கித்தாரு அவன்ல வச்சிருக்கான்" என்றார் ஒருவர். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது. அம்மா எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்.

"அந்த நெலாவுக்குப் பின்னால இருக்கேம்மா. ஓரத்துல தெரியுது பாரு, வெரலு. நாந்தான் புடிச்சிருக்கேன்."

அம்மா எட்டிப் பார்த்தாள், தெரியவில்லைபோல. ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். கூடத்துக்கு நடுவில், டிவிக்கு ஒரு முழம் தள்ளி அவள் நின்றபோதுதான் எல்லோரும் கவனித்தார்கள். நானும் அப்போதுதான் கவனித்தேன். அதற்குள் நிலா போய், பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, அந்த நெலாவ இன்னொரு தடவ போடச் சொல்லுங்க. ஓரத்துல எங்க தம்பி வெரலு தெரியுதாம்" என்றாள் அம்மா.

பெண்ணின் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்கு? நாலு வெரலப் பாக்கவா இம்மாந்தூரம் உள்ள வந்த?"

"நாலு வெரலா இருந்தாலும் நான் பெத்த வெரலுங்க. போடச் சொல்லுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு வாசற்படியைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், பெரம்பலூரிலிருந்து டெக்கோடு வந்திருந்த ஆள் ரீவைண்ட் பட்டனை அமுக்கிவிட்டான்.