சுவரொட்டிக்கு விழுந்த மாலை

என் கணவருக்கு எங்கள் ஊர் செய்த மரியாதையை எதிரிக்குக்கூட யாரும் செய்துவிட வேண்டாம். செத்தவருக்கு ஒன்றும் தெரியாது. உயிரோடு இருந்து முழுதும் பார்த்துத் தொலைத்தவள் நான்தான். இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு வயிறு எரியும்.

ராசிபுரத்தில் நெசவுக் குடும்பம் எங்களுடையது. யுத்தம் வந்ததும் நூலுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் தறி சும்மா கிடந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் சந்தையில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இவரும் போய் நின்றார். மார்பை அளந்தார்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். மாடு வாங்க வந்தவன்கூட அதைவிடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பார்ப்பான். கடற்படைக்கு ஆள் போதவில்லை என்று அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஊர் ஏரியைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டறியாத மனிதர் அவர். என் வயிற்றில் அப்போது நான்கு மாதம்.

அவருக்குக் கிடைத்த வேலை பெரிய கப்பலில் இல்லை. கரையை ஒட்டிச் சுற்றிவரும் காவல் படகில். துறைமுகத்துக்குள் வருகிறவர்கள் போகிறவர்கள்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். கடலில் யாராவது சிக்கிக்கொண்டால் போய் ஏற்றிவர வேண்டும். குழந்தை பிறந்த சேதி கிடைத்ததும் லீவில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வரவில்லை, தந்தி வந்தது.

தந்திக்குப் பிறகு அதே படகில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். வாசலிலேயே தயங்கி நின்றவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நடந்ததை நடந்தபடியே சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"புயல்ல மீன்காரங்க தோணி கவுந்து போச்சு அண்ணி. நாங்க போனோம். ரெண்டு பேரை அவரே தூக்கி ஏத்துனாரு. மூணாவது ஆளுக்குக் கயிறு வீசும்போது அலை வந்து இவரை அடிச்சிட்டுப் போயிடுச்சு. விடியற வரைக்கும் தேடுனோம்."

நான் அழவில்லை. மடியில் கிடந்த மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் குழந்தையைப் பார்த்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் இன்னொன்று சொன்னார். படகில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். அது துறைமுகத்து ஆபீசில் மாட்டியிருக்கிறதாம். முன்வரிசையில் இரண்டாவது ஆள் இவராம்.

அதற்கு மேல் அவர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறைந்துவிடும் என்று என் மாமியார் கல்யாணத்துக்குக்கூடப் படம் பிடிக்க விடவில்லை. ஆயுசு என்னவோ படம் பிடிக்காமலேயே குறைந்துபோயிற்று. பெற்றவனைக் கண்ணால் பார்க்காத குழந்தைக்கு, இவர்தான் உன் அப்பா என்று காட்ட எனக்கு அந்த ஒரு படம் வேண்டும். வேறு எதையும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

"அதுல ஒண்ணு எனக்கு வாங்கித் தர முடியுங்களா?" என்றேன்.

"போனதும் கேட்டுப் பார்க்கிறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. அவரும் கடலோடு போனாரோ என்னவோ, நான் குறை சொல்ல மாட்டேன்.

இதற்குள் எங்கள் ஊர் மிட்டாதாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சுற்று வட்டாரத்தில் பாதி நிலம் அவருடையது. அந்த நாளில் சர்க்கார் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். யுத்தத்தில் செத்தவன் தன் ஊர்க்காரன் என்று தெரிந்ததும் அவருக்கு வந்த துக்கத்தைப் பார்க்க வேண்டுமே! உயிரோடு இருந்தவரைக்கும் என் கணவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்றுகூட அவருக்குத் தெரியாது. உடனே ஒரு கமிட்டி போட்டார். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த வாசகசாலையில் வீரருடைய படத்தைத் திறந்துவைப்பது, சேலத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியை வரவழைப்பது என்று முடிவாயிற்று. குடும்பத்தின் சார்பில் என் கொழுந்தனாரைக் கூப்பிட்டு ஒரு மூலையில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கே நடந்த கூத்தை அவர்தான் வந்து சொன்னார்.

முதல் சங்கடம், என் கணவர் செத்த விதம் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை.

"மீன்காரனத் தூக்கப் போயிச் செத்தான்னு மேடையில சொன்னா நல்லாவா இருக்குது?" என்றாராம் மிட்டாதார்.

ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஜப்பான்காரன் கப்பலோடு மோதி அதை மூழ்கடித்து உயிர் விட்டதாக அவரே மாற்றி எழுதிவிட்டார். மூன்று உயிருக்காகத் தண்ணீரில் போராடிய மனிதரை, கண்ணால் பார்த்திராத எவனையோ கொன்றவராக ஆக்கினால்தான் இவர்களுக்குத் தலை நிமிர்ந்தது. கரையைக் காவல் காத்தவன் என்றால் ஏதோ சோளக்காட்டில் பரண் போட்டுக் குருவி விரட்டியவன் என்று நினைத்துவிட்டார்கள்போல.

இரண்டாவது சங்கடம், திறந்துவைக்கப் படம் இல்லை. வீட்டில் போட்டோ கிடையாது என்று கொழுந்தனார் சொல்லியிருக்கிறார். துறைமுகத்து ஆபீசில் ஒன்று இருக்கிறது, எழுதிக் கேட்டால் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கெல்லாம் நாளாகும், துரை வரும் தேதியை மாற்ற முடியாது என்று தள்ளிவிட்டார்கள். பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? கடற்படையில் சேருங்கள் என்று ஊரெல்லாம் ஒட்டியிருந்தார்களே ஒரு சுவரொட்டி, வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன் தாடையைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் பார்ப்பான், அதில் ஒன்றை எடுத்துத் தலையையும் மார்பையும் வெட்டி அட்டையில் ஒட்டிச் சேலத்து ஸ்டுடியோ ஒன்றுக்கு அனுப்பினார்கள். நிறத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கி, நம் பக்கத்து ஆள் மாதிரி முறுக்கு மீசை ஒன்று வைத்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. கப்பல்காரர்களுக்கு வைத்தால் தாடியோடு வைக்க வேண்டும், தனியாக மீசை வைக்க அனுமதி கிடையாது என்று ஆத்தூர்க்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மிட்டாதாரிடம் அதை யார் சொல்வது?

கொழுந்தனார் மட்டும் எழுந்து, "அண்ணன் மூஞ்சில அம்மை வடு இருக்குமுங்களே" என்று இழுத்திருக்கிறார்.

"வீரனுக்கு எதுக்கப்பா அம்மை வடு? நீ உக்காரு" என்றாராம் மிட்டாதார்.

அந்த நாளும் வந்தது. இறந்தவருக்கு மரியாதையாக ஊரில் எல்லாத் தறியும் நிறுத்தப்படும் என்று தண்டோரா போட்டார்கள். அந்த வாரம் ஊருக்கு ஒரு கண்டு நூல்கூட வரவில்லை. எப்படியும் நிற்கப் போகிற தறியை நிறுத்தி மரியாதை செய்கிற சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்! என்னைப் பின்பக்கத்து வழியாக வரச் சொன்னார்கள். மிட்டாதாருடைய சம்சாரம் குத்துவிளக்கு ஏற்றி முடிக்கும்வரை நான் எதிரே வந்துவிடக் கூடாதாம். புருஷனுக்கு விழா, பெண்சாதி அபசகுனம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றிருந்தேன்.

விளக்கு ஏற்றியானதும் கூப்பிட்டார்கள். பட்டுத் திரையை வெள்ளைக்கார அதிகாரி விலக்கினார். பஸ் நிற்கும் இடத்தில் தினம் பார்த்த அந்தச் சுவரொட்டிக்காரன், புது மீசை வைத்துக்கொண்டு, ரோஜா மாலைக்கு நடுவில் இருந்தான். கூட்டத்திலிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். அவர்களில் பாதிப் பேர் என் கணவரோடு ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மாலை விழுந்துவிட்டால் யாராக இருந்தாலும் அழுதுவிட வேண்டியதுதான்போல. கண் மங்கிப்போன என் மாமியார் தட்டுத்தடுமாறிப் போய்க் கண்ணாடியைத் தடவி, "எஞ்சாமி, எங்கண்ணு" என்று கதறினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு தாயை விளம்பரப் படத்தைக் கட்டிக்கொண்டு அழவைத்தவர்கள் மேடையில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி எனக்கு எதிரே வந்து நின்று ஏதோ சொன்னார். அரசாங்கம் என்னை மறக்காது, ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார் என ஹெட்மாஸ்டர் தமிழில் சொன்னார். இதை விட்டால் சமயம் வாய்க்காது என்று தோன்றியது.

"ஏனுங்க, இது எங்க ஊட்டுக்காரர் இல்லீங்க" என்றேன். "அவரு படம் அங்க துறைமுகத்து ஆபீசுல மாட்டியிருக்குதுங்களாம். முன்வரிசையில ரெண்டாவது ஆளுங்க. அதுல ஒண்ணு கொழந்தைக்கு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

மிட்டாதாருடைய முகம் கறுத்துவிட்டது. "சும்மா இரு அம்மிணி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஹெட்மாஸ்டர் அதிகாரியின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசினார். அதிகாரி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். நான் சொன்னது அவருக்கு எட்டிவிட்டது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் பல மாதம் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழுந்தனாருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். சொல்ல மனம் வராமல் வெகு நாள் மறைத்து வைத்திருந்து, நான் தினம் வாசலுக்குப் போய் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் சொல்லிவிட்டார்.

"துக்கத்துல இந்தப் பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, புருசனையே அடையாளம் தெரியலைன்னு ஹெட்மாஸ்டர் சொன்னாருங்க அண்ணி."

படித்தவர் அல்லவா, இரண்டே வாக்கியத்தில் வேலையை முடித்துவிட்டார்.

படம் வாசகசாலையில் தொங்கியது. மகள் நடக்கப் பழகியதும் தெருவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு தடவை அவளைத் தூக்கிக்கொண்டு போய், "உங்கப்பாவப் பாரு, கும்பிடு" என்று காட்டினார்கள். அது அப்பா இல்லை என்று நான் சொன்னால், பச்சைக் குழந்தையிடம் இப்படிப் பேசலாமா என்று என்னையே திட்டினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் பூ வாங்கிக்கொண்டு போய் அவள் அந்தச் சட்டத்தில் செருகிவிட்டு வருவாள். நானும் எத்தனை நாள்தான் ஒரு குழந்தையோடு மல்லுக்கு நிற்பது? அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நானும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். திட்டுவதற்காகத்தான் பார்த்தேன். ஆனால் ஐந்து வருடம் பார்த்தேன்.

சுதந்திரம் வந்தது. மிட்டாதார் கதருக்கு மாறினார். பட்டத்துக்கு அலைந்த அதே நாக்கு, தான் ஆரம்பத்திலிருந்தே தேசபக்தன் என்று மேடை மேடையாகச் சொல்லியது. வெள்ளைக்காரனுக்குக் கூலி வேலை பார்த்தவன் படம் சுதந்திர நாட்டு வாசகசாலையில் எதற்கு என்று அவரேதான் கேட்டாராம். கமிட்டியும் அதேதான், தலையாட்டியவர்களும் அவர்களேதான். ஹெட்மாஸ்டர் வந்தே மாதரம் என்று மட்டும் இரண்டு தடவை கூடுதலாகக் கத்தினாராம்.

அன்று சாயங்காலம் என் மகள் அந்தச் சட்டத்தைத் தெருப் புழுதியில் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கண்ணாடி கீறியிருந்தது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

"அம்மா, அப்பாவத் தூக்கிக் கொல்லைல போட்டுட்டாங்கம்மா" என்று விக்கி விக்கி அழுதாள்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். தொலைந்தான் சனியன் என்றுதான் நினைத்தேன். இன்றோடு இந்தப் பொய்யை முடித்துவிடலாம் என்று படத்தோடு அவளை மடியில் இழுத்து உட்காரவைத்தேன்.

"அழுவாத கண்ணு. அது உங்கப்பா இல்ல. எவனோ. உங்கப்பா வேற."

அவள் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தாள். "அப்ப எங்கப்பா எப்படி இருப்பாரு?"

சொல்ல ஆரம்பித்தேன். நெற்றி இப்படி இருக்கும், மூக்கு கொஞ்சம் நீளம், தாடை அகலம், எங்கேயாவது தூரத்தில் பார்த்துக்கொண்டே பேசுவார் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் நான் சொல்வதைக் கேட்டபடி மடியில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, தாடை. பிறகு நிமிர்ந்தாள்.

"இதேதானம்மா" என்றாள்.

நான் கண்ணை மூடி அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்று பார்த்தேன். வெள்ளைத் தொப்பியோடு அந்தச் சுவரொட்டிக்காரன்தான் வந்து நின்றான்.

மகள் பாவாடை நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எங்கே மாட்டுவது என்று கேட்டாள். நான் ஆணி எடுக்க உள்ளே போனேன்.